யானைக்குச் சொல்லாத இடம்

காட்டுக் குளத்தைச் சுற்றி அடர்ந்த புல். காடை, கௌதாரி, முயல் எல்லாம் அதற்குள்தான் குடியிருந்தன. யானை தெரியாமல் கால் வைத்தால் கூடு கூழாகிவிடும். அதனால் தாய்கள் எல்லாம் தங்கள் இடத்தை ஆட்காட்டிக் குருவியிடம் மட்டும் சொல்லி வைத்தன. குளத்துக்கு வருகிறவர்கள் அதைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும். மேய வந்த மானுக்கு மேய்கிற இடம் சொல்லும். தண்ணீருக்கு வந்த யானைக்குத் தண்ணீருக்குப் போகிற வழி சொல்லும். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

யானைக்கு இது பிடிக்கவில்லை. நல்ல யானைதான். ஓட்டை வாய், அவ்வளவுதான்.

"தினம் உன்கிட்ட வந்து நிக்கணுமா? கூடெல்லாம் எங்கே இருக்குன்னு மொத்தமாச் சொல்லிடு. என்னை என்ன, திருடன்னு நினைச்சியா?"

"நீ யாருன்னு நான் பார்க்கல. என்ன வேலையா வந்தேன்னு பார்க்கிறேன்," என்றது ஆட்காட்டி. "தண்ணிக்குத்தானே? ஓடைக்குள்ளேயே நடந்து போ."

யானை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனது.

திரும்பும்போது கீரி வந்து ஒட்டிக்கொண்டது. அண்ணனைப் போல இந்தக் காட்டில் உண்டா என்று ஆரம்பித்தது. யானை குளிர்ந்துபோய், காலையில் பட்ட அவமானத்தை எல்லாம் கொட்டியது. கீரியும் உச்சுக் கொட்டியது.

"உங்களுக்கே இந்த மரியாதையா, அண்ணே? அது கிடக்கட்டும். அந்தக் காடை எந்தப் பக்கம் இருக்கு? முட்டை வச்சிருக்காம். ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம்னு."

யானை வாயைத் திறந்தது. தெரிந்திருந்தால் அந்த நொடியே சொல்லியிருக்கும். அதற்குத் தெரிந்ததோ ஓடை வழி ஒன்றுதான்.

"தெரியாதே, தம்பி," என்றது. அப்போதுதான் கீரி நாக்கைச் சுழற்றி வாயைத் துடைத்துக்கொண்டதைக் கவனித்தது. பார்க்க இல்லை, தின்னத்தான் கேட்கிறது என்று யானைக்குப் புரிந்தது.

"இவ்வளவு பெரிய தலை, உள்ளே ஒண்ணுமே இல்லை," என்று முணுமுணுத்துக்கொண்டே கீரி நகர்ந்தது.

யானைக்குக் கோபமே வரவில்லை. அப்பாடா என்று நீளமாய் மூச்சு விட்டது.

அன்று சாயங்காலம் காடையின் முட்டைகள் எல்லாம் பொரிந்தன. மறுநாள் யானை ஆட்காட்டியிடம் தானாகவே போய் நின்றது.

"வழி மட்டும் சொல்லு. வேறே எதையும் என் காதுல போட்டுடாதே."

ஆள் நல்லவனே ஆனாலும், அவன் வேலைக்கு வேண்டியதை மட்டும் திறந்துவிட்டு மிச்சத்தைப் பூட்டி வைப்பதுதான் அவனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.