இரண்டு காட்டுத் தீர்ப்புகளும் ஒரு குட்டியும்

மூங்கில்காட்டில் வேம்பி என்ற மந்தியும் முடுக்கன் என்ற கடுவன் குரங்கும் வாழ்ந்தன. அவற்றுக்கு ஒரே குட்டி, பிஞ்சு. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. ஒருநாள் வேம்பி அத்திப்பழம் பறித்துத் திரும்பியபோது கிளை வெறிச்சோடிக் கிடந்தது. முடுக்கன் குட்டியைத் தூக்கிக்கொண்டு, ஆற்றைத் தாண்டித் தேக்கங்காட்டுக்குப் போய்விட்டது.

வேம்பி மூங்கில்காட்டு நீதிபதியான யானையிடம் ஓடி அழுதது. யானை யாரையும் விசாரிக்கவில்லை. "குட்டி தாயிடம்தான் இருக்க வேண்டும்" என்று அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

வேம்பி மகிழ்ச்சியோடு ஆற்றைக் கடந்தது. அது கொண்டுவந்த தீர்ப்பைக் கேட்டுத் தேக்கங்காட்டு நீதிபதியான கரடி உதட்டைப் பிதுக்கியது. "யானையின் பேச்சு அக்கரையோடு சரி. குட்டி தகப்பனிடம் இருக்கட்டும் என்று நான் சொல்லியாகிவிட்டது."

வேம்பிக்குத் தலை சுற்றியது. திரும்பி வந்து யானையிடம் முறையிட்டது.

"என் காட்டுக் குட்டிக்குத் தீர்ப்புச் சொல்ல அந்தக் கரடி யார்?" என்றது யானை.

வேம்பி மறுபடி ஆற்றைக் கடந்தது.

"குட்டி இப்போது நிற்பது என் மண்ணில்" என்றது கரடி.

இரண்டு பேச்சும் வேம்பிக்குச் சரியாகவே பட்டன. எதை நம்புவது? மேலே கிளையில் பிஞ்சு அம்மாவிடம் தாவப் பார்த்தது. முடுக்கன் அதை இழுத்து அணைத்துக்கொண்டது.

வேம்பி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. "ஐயா, குட்டி யாருக்கு என்று இப்போது கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியது நீங்களா, யானையா? அதை மட்டும் சொல்லுங்கள்."

கரடி இதை யோசித்ததே இல்லை. பிஞ்சுவைக் கீழே அழைத்தது.

"நீ எங்கே தூங்குவாய்? யாரோடு விளையாடுவாய்?"

"அக்கரை நாவல் மரத்தில். அணில்களோடு."

"இந்தக் காட்டில்?"

பிஞ்சு சுற்றுமுற்றும் பார்த்து விழித்தது. "இங்கே எனக்கு யாரையும் தெரியாது."

கரடி தலையைச் சொறிந்தது. "முடுக்கா, இது எப்படி வளர்ந்தது என்று சொல்ல என் காட்டில் ஒரு ஜீவன்கூட இல்லை. பிறகு எதை வைத்து நான் தீர்ப்புச் சொன்னேன்? அது செல்லாது. வழக்கு மூங்கில்காட்டுக்குத்தான்."

"யானை என் பேச்சைக் கேட்கவே இல்லையே" என்று முனகியது முடுக்கன்.

"கேட்கச் சொல்கிறேன்" என்று கரடியே ஆற்றங்கரைக்கு நடந்தது.

கரடி சொன்னதைக் கேட்டு யானைக்கு வெட்கமாகிவிட்டது. பழைய தீர்ப்பை விலக்கிவிட்டு, தாய் தகப்பன் இருவரையும், நாவல் மரத்து அக்கம்பக்கத்தாரையும் விசாரித்தது. கடைசியில், பிஞ்சு தாயோடு தன் மரத்திலேயே இருக்கட்டும், தகப்பன் வந்து பார்த்துப் போகட்டும் என்றது.

ஏறக்குறைய முதலில் சொன்ன அதே தீர்ப்புதான். ஆனால் இந்த முறை முடுக்கன் எதிர்க்கவில்லை, கரடியும் ஒப்புக்கொண்டது. பிஞ்சு அம்மாவின் வயிற்றைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனது.

பிள்ளை யாருக்கு என்று தீர்ப்பதற்கு முன், அது வளர்ந்த இடம் எது என்று கேட்க வேண்டும். நீதி சொல்லும் உரிமை அந்த இடத்துக்கே உண்டு.