காற்று பிடுங்கிய துதி

ஸஃபேத் மலைநகரத்தில், சந்தைக்கு வெளியே, நிஸீமின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவன் மனைவி ரேய்னா. அவள் செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது. இன்னொருவர் யூத மதகுரு, ரப்பி ஷெமயா.

நிஸீம் கம்பளி வியாபாரி. சந்தையில் அடிபட்டுப் படித்தவன். வீட்டில் சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் போனபிறகு, ஐம்பத்திரண்டாவது வயதில், ரப்பியின் தியானக் குழுவில் வந்து சேர்ந்தான். கபாலா என்னும் அந்த மறைஞானத்தை நாற்பது வயது ஆகாதவர்கள் தொடக்கூடாது என்று அந்த ஊர் யூதர்கள் சொல்வார்கள். ரப்பிக்கோ முப்பத்தாறு.

"உமக்கே இன்னும் நாலு வருஷம் குறைகிறதே?" முதல் நாளே பேரத்தை ஆரம்பித்தான் நிஸீம்.

"அதனால்தான் உம்மைப்போல வயதானவர்களாகப் பார்த்துச் சேர்க்கிறேன். நிரவி எடுத்துக்கொள்ளலாம்," என்றார் ரப்பி.

அவர் கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்றுதான். தினமும் சாயங்காலம் ஒலிவத் தோப்புக்குத் தனியாகப் போக வேண்டும். ஒரு மணி நேரம் கடவுளோடு வாய்விட்டுப் பேச வேண்டும். வீட்டில் பேசுகிற மொழியில், மனதில் இருப்பதை.

நிஸீமுக்கு அது மட்டமான சரக்காகத் தெரிந்தது. ராஜாவைப் பார்க்கப் போகிறவன் அழுக்குச் சட்டையோடா போவான்? ஓர் எழுத்தரைப் பிடித்து, புனித மொழியான எபிரேயத்தில் எழுபத்திரண்டு துதிகளை அழகாக எழுதி வாங்கிக்கொண்டான். முப்பது நாள் தோப்பில் நின்று அதை வாசித்தான். அரை மணியில் தீர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

முப்பத்தோராம் நாள் மலைக்காற்று அந்தத் தாளைப் பிடுங்கிப் பள்ளத்தாக்கில் வீசிவிட்டது.

மறுநாள் பொழுது விடிந்ததும் ரப்பியின் வாசலில் நின்றான் நிஸீம். கண் சிவந்திருந்தது. தொண்டை கட்டியிருந்தது.

"என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிடும், ரப்பி."

"உட்காரும். என்ன ஆயிற்று?"

"உட்காரவெல்லாம் முடியாது. திட்டிவிட்டேன்."

"யாரை?"

நிஸீம் கட்டைவிரலால் கூரையைக் காட்டினான்.

ரப்பி அண்ணாந்து பார்த்தார். "என்னவென்று?"

"துதி எழுதி வாங்கி வைத்திருந்த தாள் காற்றில் போயிற்று. ஒரு துதிகூட மனப்பாடம் இல்லை. சும்மா நின்றேன். திடீரென்று வாய் திறந்துகொண்டது. இருபத்தெட்டு வருஷம் கூட இருந்தவளைத் தூக்கிக்கொண்டு போனாயே, பதிலுக்கு என்ன கொடுத்தாய், இதெல்லாம் ஒரு வியாபாரமா, சந்தையில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் கடையைப் பிரித்து எறிந்திருப்பேன் என்றேன். அவள் செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது, அதை எங்கே வைப்பது, நீயே சொல்லு என்றேன். இன்னும் என்னென்னவோ."

"எவ்வளவு நேரம்?"

"யாருக்குத் தெரியும்? இருட்டியது தெரியவில்லை."

"தாளைப் பார்த்து வாசித்த அந்த முப்பது நாளும் எப்படி?"

"முப்பது நாளும் மரத்தின் நிழல் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்." நிஸீம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு கதவு. அதையும் நானே உதைத்துச் சாத்திவிட்டேனா? அதை மட்டும் சொல்லும்."

ரப்பி மேலங்கியை எடுத்துத் தோளில் போட்டார். "கடை திறக்கிற நேரம் ஆகவில்லையா? வாரும்."

"நான் கதவைக் கேட்டால் இவர் கடையைச் சொல்கிறார்," என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனான் நிஸீம்.

கடையில் ரப்பி ஒரு மூலையில், மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் வந்தவர் பட்டு இடைக்கச்சை கட்டிய ஒரு பெரிய மனிதர். கம்பளியைத் தடவித் தடவிப் பார்த்தார். "ஆகா! மேகத்தைத் தொடுவதுபோல இருக்கிறது. இப்படிச் சரக்கு இந்த மலையிலேயே கிடையாது. உம் கைக்கு ஆசீர்வாதம்!"

"ம்," என்றான் நிஸீம். மடித்துக்கொண்டிருந்த சாக்கை விட்டுத் தலை தூக்கவில்லை. அவர் இன்னும் மூன்று மூட்டைகளைப் புகழ்ந்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்.

பிறகு நெசவுக்காரி எஸ்த்ரேயா வந்தாள். படியேறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"இது கம்பளியா, கழுதை மயிரா? போன தடவை கொடுத்தாயே, அதில் பாதி முள். தறி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது!"

"காலங்கார்த்தாலே வந்துவிட்டாயா? உன் தறி சிரிக்காமல் என்ன செய்யும், நெய்கிறவள் நீ!" என்று கத்தினான் நிஸீம். கத்திக்கொண்டே முக்காலியை இழுத்து, தூசி தட்டி, அவளுக்குப் போட்டான். உள்ளே போய், யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த மூட்டையைத் தூக்கி வந்தான். அவள் ஒரு பிடி பிய்த்து மோந்து பார்த்தாள். "திருடன்," என்றாள். காசை எண்ணி வைத்துவிட்டு, மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ரப்பி கேட்டார். "அந்த மனிதர் அவ்வளவு புகழ்ந்தாரே. நீர் எழுந்திருக்கவே இல்லை?"

"அவரா? வாங்கவா வந்தார்? பொழுதுபோகாமல் வந்தார். இதே பாட்டை எல்லாக் கடையிலும் பாடுவார்."

"இந்த அம்மாள் உம்மைக் கிழிகிழி என்று கிழித்தாள். நல்ல சரக்கை எடுத்துக் கொடுத்தீர்."

நிஸீம் சிரித்துவிட்டான். ரேய்னா போனபின் அவன் சிரிப்பது இதுதான் முதல் தடவை. "நல்லா இருக்கிறதே! இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். இப்படிக் கத்துகிறவள் சரக்கு வேண்டுமென்று வந்தவள் என்பதுகூடவா எனக்குத் தெரியாது?"

ரப்பி எழுந்தார். அங்கியில் ஒட்டியிருந்த கம்பளித் தும்பைத் தட்டிவிட்டார்.

"உமக்கு இருபது வருஷம்," என்றார். பிறகு கட்டைவிரலால் கூரையைக் காட்டினார். "அவர் எவ்வளவு காலமாகக் கடை வைத்திருக்கிறார்?"

எஸ்த்ரேயாவுக்குப் போட்ட முக்காலியில் நிஸீம் மெல்ல உட்கார்ந்தான்.