கண்ணாடிக்குள் போன வெயில்

"கதவு திறந்தே கிடந்தாலும் என்னால தாண்ட முடியலம்மா," என்றார் மாசிலாமணி.

வருஷக்கணக்கில் ஜெயிலில் கிடந்தவர். வெளியே வந்து மாதம் ஒன்றுகூட ஆகவில்லை. எந்த வாசலைக் கண்டாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். யாராவது "போ" என்று சொல்ல வேண்டும். டீக்கடையில் நின்றார். கக்கூஸ் வாசலில்கூட நின்றார்.

இந்தக் குன்றுமேல் ஓட்டுக் குடிசையிலும் அப்படித்தான். குரு "வாங்கண்ணே" என்ற பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பெயர் பூரணி. மாசிலாமணிக்கோ தலை முழுக்க நரை.

"இன்னிக்கு என்னண்ணே இவ்வளவு பதற்றம்?"

"சாயங்காலம் மக வீட்டுக்குப் போறேன். பேத்தியை இன்னும் பார்த்ததே இல்ல. அவ வாசல்லயும் கைதியா நின்னா குழந்தை பயந்துராதா? முன்னெல்லாம் நான் நடந்தா, கூட வர்றவன் ஓடணும். அந்த நடை உள்ளேயே செத்துப்போச்சு."

குரு எழுந்து கதவையும் ஜன்னலையும் சாத்தினார்.

கூரையில் ஓடு விலகிய ஓட்டை. அது வழியாக வெயில் ஒரு கோடாகச் சாய்ந்து இறங்கியது. சாம்பிராணி போட்டார். புகையில் கோடு பளிச்சென்று நின்றது.

செங்கல் கனத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டி. அதை வெயிலுக்குக் குறுக்கே பிடித்தார்.

கோடு உள்ளே நுழைந்த இடத்தில் மடங்கியது.

"ஏன் மடங்குது?"

"உள்ள போனதும் வேகம் குறையுது. சாய்வா நுழைஞ்சு வேகம் குறைஞ்சா, திசையும் திரும்பிரும்."

"வெளிச்சத்துக்கேவா?"

"வெளிச்சத்துக்கேதான். தண்ணிக்குள்ள குறையும். கண்ணாடிக்குள்ள இன்னும் குறையும். வைரத்துக்குள்ள போனா பாதி வேகம்கூட இருக்காது."

"ஐயோ பாவம்," என்றார் மாசிலாமணி.

குரு சிரித்துவிட்டார். "அதுக்குள்ள அழாதீங்க. அடிப்பக்கம் பாருங்க."

குனிந்தார்.

கண்ணாடியை விட்டு வந்த கோடு மறுபடி மடங்கியிருந்தது. மேலே எந்தச் சாய்வில் வந்ததோ, அதே சாய்வு. விரலகலம் தள்ளி இறங்கியது, அவ்வளவுதான்.

"இப்ப என்ன வேகம்?"

"பழைய வேகம். நுழையறதுக்கு முன்னாடி இருந்த அதே வேகம்."

"எவ்வளவு நேரம் கழிச்சு அந்த வேகம் வருது?"

"கழிச்செல்லாம் இல்லண்ணே. வெளிய வந்த உடனே."

மாசிலாமணி புகைக்குள் கையை நீட்டினார். வெயில் உள்ளங்கையில் விழுந்தது. சூடாக இருந்தது.

"வெளிச்சத்தை யாரும்மா தள்ளிவிட்டது?"

குரு கண்ணாடியை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தார்.

மாசிலாமணி உள்ளங்கையையே பார்த்தார். பிறகு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று முனகிக்கொண்டே, வாசலில் நிற்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

பாறைக்குப் பாறை தாவி இறங்கினார். பாதிக் குன்று தாண்டியிருப்பார்.

மேலிருந்து குரு கத்தினார்.

"அண்ணே! செருப்பு!"

குனிந்து வெறுங்காலைப் பார்த்தார்.