மாதா மேட்டின் ஒன்பதாம் வளைவு

"பொய் சொன்னாலும் திரும்பிப் போகினம். உண்மை சொன்னாலும் திரும்பிப் போகினம். நான் என்னதான் சொல்லுறது, தங்கச்சி?"

கேட்டவர் தவராசா. வயது ஐம்பத்தொன்று. சிசிலித் தீவின் வடகரையில், கடலோர ஹோட்டல் ஒன்றின் குசினியில் பதினேழு வருசம் கோப்பை கழுவினவர்.

இப்போது மூன்று மாதமாகச் சைக்கிள் வழிகாட்டி. வெளிநாட்டிலிருந்து வருகிற ஆட்களைக் கடற்கரை ரோட்டாலும் மலை ரோட்டாலும் கூட்டிக்கொண்டு போய், எண்ணிக்கை குறையாமல் உச்சியில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எண்ணிக்கை குறைந்துவிட்டது. அதுதான் வில்லங்கம்.

அவர் போய் நின்றது நிரோஜினியிடம். முப்பத்திமூன்று வயதுதான், ஆனால் அவள்தான் தலைமை வழிகாட்டி. அந்தக் கரையில் அவளை மலையில் முந்தின ஆள் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை. ஒரு விருந்தாளியையும் அவள் பாதி வழியில் விட்டதில்லை. தன் வீட்டு வாசலில் குந்தியிருந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பொய் சொன்னீங்கள், அண்ணை?"

"அந்த ஜெர்மன்காரர், இன்னும் எவ்வளவு தூரம் எண்டு கேட்டார். உந்த வளைவோட முடிஞ்சுது எண்டு சொன்னன். வளைவு முடிஞ்சுது, மேடு முடியேல்லை. மனிசன் என்னை ஒரு பார்வை பார்த்தார். சைக்கிளைத் திருப்பினார். கீழ இறங்கிப் போட்டார்."

"உண்மை சொன்னது?"

"அடுத்த கிழமை ஒரு டென்மார்க்காரி. இன்னும் நாலு கிலோமீட்டர், இனித்தான் சரிவும் கூட எண்டு உள்ளதை உள்ளபடி சொன்னன். அவவும் திரும்பிப் போட்டா."

நிரோஜினி சிரித்தாள்.

"சிரியாதையும்! சனிக்கிழமையும் ஒராள் திரும்பினா என்னை வேலையால நிப்பாட்டிப்போடுவினம். பிறகு அதே குசினி, அதே கோப்பை. எனக்குப் பயமாக் கிடக்கு. நீர் என்னண்டு எல்லாரையும் மேல கொண்டு போறனீர்? அந்த வித்தையைச் சொல்லும்."

"சொல்லேலாது, அண்ணை."

"ஏன், ரகசியமோ?"

"மேட்டில கேக்கிற கேள்விக்குக் கீழ இருந்து என்ன மறுமொழி சொல்லுறது? சனிக்கிழமை நானும் வாறன். நீங்கள் முன்னுக்குப் போங்கோ."

எண்ணெய்த் துணியை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை வந்தது ஒரேயொரு விருந்தாளி. மரீகே என்று பெயர். ஹொலண்டில் கணக்கு ரீச்சர், வயது அறுபது. அவருடைய நாட்டில் மேடு என்றால் பாலத்தில் ஏறுவதுதான்.

முதல் இருபது கிலோமீட்டரும் கடற்கரை ரோடு. எலுமிச்சைத் தோட்டம், மீன்பிடி வள்ளம், பிறகும் எலுமிச்சைத் தோட்டம். மரீகே வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தார். தவராசாவுக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

பிறகு ரோடு மலைப்பக்கம் திரும்பியது.

உச்சியில் மாதா கோயில் ஒன்று இருப்பதால் அதற்கு எங்கட சனம் வைத்த பெயர் மாதா மேடு. ஏழு கிலோமீட்டர். பதினொரு வளைவு.

நாலாம் வளைவில் மரீகேயின் கதை நின்றது.

ஆறாம் வளைவில் மூச்சு மட்டும் கேட்டது.

ஒன்பதாம் வளைவுதான் ஆகலும் செங்குத்து. அங்கே வந்ததும் கேட்டார்.

"இன்னும் எவ்வளவு?"

தவராசா வாயைத் திறந்தார். பொய் நாக்கு நுனியில் நின்றது, உண்மை தொண்டையில் நின்றது. இரண்டையும் விழுங்கிவிட்டு நிரோஜினியைத் திரும்பிப் பார்த்தார்.

மரீகே ஒரு கையை ரோட்டோரச் சுவரில் ஊன்றி நின்றார்; மற்றக் கை பிரேக்கைப் பிடித்திருந்தது. சைக்கிளின் முன்சில்லு மெல்லக் கீழ்ப்பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது.

சைக்கிள் சனத்துக்கு ஒரு விசர் உண்டு, அதை இங்கே சொல்லத்தான் வேண்டும். மலை ஏறும்போது நிலத்தில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் தோல்வி. இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு மேலே நடப்பதைவிடத் திரும்பிக் கீழே போவது மரியாதையாம்! எவன் எழுதின சட்டமோ தெரியாது. கணக்கு ரீச்சர்கூட அதை நம்புகிறார்.

அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்? ஊர்ச் சைக்கிள் கழகத்துக்காரர் எட்டுப் பேர் கீழிருந்து ஏறி வந்தார்கள்.

நிரோஜினி சப்பாத்தின் அடியிலிருந்த கொளுக்கியைப் பெடலிலிருந்து கழற்றினாள். காலை நிலத்தில் வைத்தாள். இறங்கினாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

"ஏய் நிரோ! டயர் போச்சா?"

"இல்லை. நடக்கிறேன்."

"நீயா?"

"நானேதான்."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். ஒருவன் போனை எடுத்துப் படமும் பிடித்துக்கொண்டு போனான்.

தவராசாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"ஐயோ தங்கச்சி, என்ன வேலை இது! பின்னேரத்துக்கிடையில ஊரெல்லாம் இதுதான் கதை."

"கதைக்கட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலுமே?"

மரீகே அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்சில்லு நேரானது. அவரும் இறங்கினார்.

இரண்டு பெண்களும் நடந்தார்கள். சப்பாத்துகள் தார் ரோட்டில் டக் டக் என்று சத்தம் போட்டன. ரோட்டோரம் நாகதாளிக் கள்ளி பழுத்துக் கிடந்தது. மரீகே நின்று திரும்பிப் பார்த்தார்.

"கடல் இவ்வளவு நேரமும் எனக்குப் பின்னாலேயே இருந்ததா!"

தவராசா மட்டும் சைக்கிளில் இருந்தார். நடக்கிற ஆளின் வேகத்தில் மேட்டில் சைக்கிள் நிற்குமா? கள்ளுக் குடித்த ஆள் மாதிரி அது இடமும் வலமும் சரிந்தது.

"நீங்கள் போங்கோ அண்ணை. ஆர் வேண்டாமெண்டது?"

"விட்டுட்டு எப்பிடிப் போறது? நான்தானே வழிகாட்டி."

"அப்ப இறங்குங்கோ."

"தங்கச்சி, பதினேழு வருசம் கண்டவன் நிண்டவனுக்கெல்லாம் குனிஞ்சனான். இந்த மேட்டுக்கு மட்டும் குனிஞ்சதில்லை. நாப்பது தரம் ஏறியிருக்கிறன். ஒருக்கால்கூடக் கால் வைச்சதில்லை!"



நிரோஜினி நின்றாள்.

"நாப்பது தரமும் கால் வைக்கேல்லையோ?"

"வைக்கேல்லை."

"அப்ப உங்களுக்கு இந்த மேட்டைத் தெரியாது, அண்ணை."

 தவராசாவின் சைக்கிள் இன்னொரு தரம் சரிந்தது. இந்த முறை அவர் அதை நிமிர்த்தவில்லை. சப்பாத்தைப் பெடலிலிருந்து கழற்றினார்.

கால் நிலத்தில் பட்டது. நிலம் பிளக்கவில்லை. மாதாவும் கோபிக்கவில்லை.

மூன்று பேரும் நடந்தார்கள். தூரத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

பத்தாம் வளைவில் தவராசாவின் கால் ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தது. உள்கரையில் தொடை கடுத்தது. வெளிக்கரையில் கடுக்கவில்லை. திரும்பப் போய் இரண்டு கரையிலும் மிதித்துப் பார்த்தார். நாற்பது தரமும், கிட்டத்து வழி என்று உள்கரையால் அடித்துப் பிடித்து ஏறியிருந்தார்.

"அட மடையா!" என்று தன்னைத்தானே ஏசினார்.

பிறகு சத்தமாகக் கூப்பிட்டார்.

"மரீகே, இந்தக் கரைக்கு வாருங்கள். இங்கே சரிவு குறைவு."

மரீகே வந்தார். அவரும் மிதித்துப் பார்த்தார்.

"இங்கேயிருந்து ஏறலாமா?"

"ஏறலாம்."

மரீகே சைக்கிளை ரோட்டுக்குக் குறுக்கே திருப்பினார். ஏறி ஒரு மிதி மிதித்தார், இன்னொரு மிதி மிதித்தார். சைக்கிள் நேரானது. ஆள் வளைவால் திரும்பி, பின்னால் பார்க்காமலே ஏறிக்கொண்டிருந்தார்.

தவராசா வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"போட்டா!"

"ஓம், போட்டா."

"இனித் திரும்ப மாட்டாவோ?"

"உந்தப் போக்கைப் பாத்தா உச்சியிலதான் நிப்பா."

அப்போதுதான் அவருக்குக் குசினி ஞாபகம் வந்தது.

"தங்கச்சி, அப்ப என்ர வேலை?"

நிரோஜினி கையை நீட்டிக் காட்டினாள். மேல் ரோட்டில் மரீகேயின் மஞ்சள் சட்டை தெரிந்தது.

"அந்தா போகுது. ஏறிப் பிடியுங்கோ."