மூடி போட்ட பைனாகுலர்

என் மீசைமேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. மீசை எங்கே என்று தேடாதீர்கள். போன கதைக்குச் செய்த சத்தியத்தில் அது போய்விட்டது.

"அவ வரமாட்டேங்கா, தாயி," என்றார் ஆவுடையப்பன்.

கூந்தன்குளத்துக் கரையில் உட்கார்ந்திருந்த நாரையக்கா திரும்பவில்லை.

வயதில் அவள் அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் அவருக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அசையாமல் உட்காருவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு தடவை இரண்டு நாரைகள் பட்டமரம் என்று நினைத்து அவள் தலையில் கூடு கட்டிவிட்டன. குஞ்சு பொரித்துப் பறந்துபோகிற வரைக்கும் அவள் தும்மக்கூட இல்லை. அந்தப் பாரத்தில் சாய்ந்த கழுத்து இன்னும் நிமிரவில்லை. நானே பார்த்தேன்.

"யாரு வரமாட்டேங்கா?"

"கோமதிதான்."

"எங்கே?"

"தீவுக்கு."

தீவு அட்லாண்டிக் கடலில் கிடந்தது. அவர் வீட்டுக்கு அது ஒரு காலண்டர் வழியாக வந்தது, வெளிநாட்டிலிருக்கும் மகள் அனுப்பியது. அந்தத் தீவில் வாழும் பஃபின் என்று ஒரு பறவையின் படம். கோமாளி மாதிரி வண்ண மூக்கு, மூக்கு நிறைய மீன். மாதம் முடிந்தும் அவர் மனைவி கோமதி அந்தத் தாளைக் கிழிக்க விடவில்லை.

"ஒரு தரம் இதை நேர்ல பாத்திரணும்ங்க."

கண் டாக்டரும் அதையே வேறு மாதிரி சொன்னார். கோமதியின் கண்ணுக்குள் அழுத்தம். சொட்டு மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. பார்க்க ஆசைப்பட்டதையெல்லாம் சீக்கிரம் பார்த்துவிடுங்கள்.

அந்தத் தீவில் புதியவர்களுக்கென்றே ஒரு சுற்றுலா நடத்தினார்கள். பறவையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் வரலாம்.

ஆவுடையப்பனுக்கு இடித்தது அதுதான். ஒன்றும் தெரியாமல் எப்படிப் போவது?

பறவை பார்க்க வந்த முதல்நாள் இதே கரையில் பைனாகுலரை மூடி கழற்றாமல் கண்ணில் வைத்து, "என்ன இப்படி இருட்டிட்டு வருது, மழையா?" என்று கேட்டவர் அவர். கரையே சிரித்தது. ஒரு நீர்க்காகம் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த மீனைத் தவறவிட்டது.

"இதே கூத்து வெள்ளைக்காரன் முன்னால நடந்தா?" என்றார் அன்றைக்கு. "நல்லா தேறிட்டுப் போவோம்."

தேற ஆரம்பித்தார். ஒரு வருஷம் நாரைகள். அடுத்த வருஷம் வாத்துகள். அப்புறம் சேற்றில் கிளறும் உள்ளான்கள், ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருந்து ஆளைக் கிறுக்காக்கும் ஜாதி. தீவின் குளிர் பழக வேண்டுமென்று சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு திருநெல்வேலி பஜாரில் நடந்தார்.

காலைதோறும் கோமதியும் கூடவே வந்தாள்.

"ஏளா, அந்தா பாரு, கரண்டிவாயன். தெரியுதா?"

"தெரியுதுங்க. அழகா இருக்கு."

நாரையக்கா ஒருநாள் சொன்னாள்: "அந்தத் தீவுல இன்னொரு பறவையும் உண்டாம் அண்ணாச்சி. பகலெல்லாம் கடல்ல கிடக்குமாம். நல்லா இருட்டின பெறகுதான் கரையேறுமாம். ஆள் கண்ணுக்குத் தட்டுப்படாது, கத்துறது மட்டும் கேக்குமாம்."

"பாக்க முடியாததுக்கு எதுக்கு தாயி அவ்வளவு தூரம்?" என்று அவர் அதைத் தள்ளிவிட்டார்.

இன்றைக்குத்தான் அவருக்குத் திருப்தி வந்திருந்தது. எந்தப் பறவையைக் காட்டினாலும் பெயர் சொல்வார். இனி டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

"எல்லாம் முடிச்சிட்டு வந்து சொல்லுதேன், 'நீங்க மட்டும் போயிட்டு வாங்க'ங்கா. ஏன்னு கேட்டா வாயைத் திறக்கல. விட்டத்தைப் பாத்துட்டு இருக்கா. யாருக்காக இவ்வளவும் படிச்சேன்? வெறுத்துப்போச்சு தாயி. இந்தப் பைனாகுலரைக் குளத்துல வீசிட்டுப் போயிரலாம்னு இருக்கு."

"மதினி எங்கே?"

"அந்தா, புளியமரத்தடியில. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உக்காத்திருக்கேன்."

"கையைப் பிடிச்சா?"

"கரை மேடும் பள்ளமுமா இருக்குல்லா."

"கரை எப்பவும் இப்படித்தான் இருக்கு, அண்ணாச்சி."



நாரையக்கா எழுந்தாள். அவரைப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கோமதிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவர் கழுத்தில் தொங்கிய பைனாகுலரை எடுத்து, மூடிகளைப் பூட்டி, கையில் கொடுத்தாள்.

"பாருங்க."

"மூடி போட்டிருக்கு, தாயி."

"ஆமா. பாருங்க."

அவர் கண்ணில் வைத்தார்.

தலைக்கு மேலே குஞ்சுகள் இரைக்குக் கத்தின. ஏதோ ஒன்று சிறகு விசிறிக்கொண்டு போனது. எதுவென்று தெரியவில்லை.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"இன்னும் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியல, தாயி."

பக்கத்திலிருந்து ஒரு கை காற்றைத் துழாவி வந்தது. அவர் தோளைத் தொட்டது, வழிந்து இறங்கியது, முழங்காலில் நின்றது.

"அப்படிச் சொல்லாதீங்க," என்றாள் கோமதி. "அழகா இருக்குன்னு சொல்லுங்க. நான் அப்படித்தான் சொல்லுவேன்."

ஆவுடையப்பன் பைனாகுலரை இறக்கவில்லை. அதன் விளிம்பிலிருந்து நீர் ஒழுகியது.

அப்படியே கேட்டார்.

"எப்பத்திலேருந்து?"

"கரண்டிவாயனுக்கு முன்னாலேயேங்க."

குளம் இரைந்துகொண்டிருந்தது.

"சொல்லியிருக்கலாம்லா, ஏளா."

"நீங்க அவ்வளவு ஆசையா காட்டுனீங்க."

அவர் அழுதார். அவள் தடுக்கவில்லை. நாரையக்கா குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், கழுத்து சாய்ந்தபடி.

கடைசியில், பைனாகுலரை இறக்காமலே அவர் கேட்டார்.

"தாயி... அந்த இருட்டுப் பறவை எப்படிக் கத்தும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நாரையக்கா. "நான் போனதில்லையே."

கதை இவ்வளவுதான். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். ஆவுடையப்பனுக்கு இப்போதெல்லாம் காது ரொம்பக் கூர்மை.