பொங்கப் போகுது, ஓடி வாங்க!

தெளிவூர் மேல்நிலைப் பள்ளியில் படிப்புக்குக் குறைவே இல்லை. வாத்தியார்களுக்கு ஆளுக்கு இரண்டு பட்டம், தலைமையாசிரியர் ஆபத்சகாயத்துக்கு மூன்று. அவ்வளவு படித்திருந்தும் யாருக்கும் தலைக்கனம் கிடையாது. தலைக்குள் கனமாக எதையும் அவர்கள் வைத்துக்கொள்வதில்லை. பள்ளியின் தாளாளர் என்ன சொல்கிறாரோ அதை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்வார்கள். ஒருமுறை அவர், "புதுசா வெச்ச மரக்கன்னுகளை ஒரு பார்வை பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். ஆபத்சகாயம் போய் ஒரே ஒரு பார்வை பார்த்தார். இரண்டாவது பார்வைக்கு அனுமதி இல்லாததால் கன்றுகள் காய்ந்தது யாருக்கும் தெரியாமல் போயிற்று.

இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நிலோஃபர் ஒன்பதாம் வகுப்பு படித்தாள். அவள் உம்மா வீட்டு முன்னறையில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். மிஷின் சத்தத்தில் அடுப்பில் பால் வைத்ததே மறந்துபோகும். பொங்கி வழிந்து, கருகின வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் "யா அல்லாஹ்!" என்று எழுந்து ஓடுவாள்.

அறிவியல் கண்காட்சி அறிவிப்பு வந்ததும் நிலோஃபர் இதற்கு ஒரு கருவி செய்தாள். பழைய பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பேட்டரி, சின்ன ஸ்பீக்கர், பேசினதைத் திருப்பிச் சொல்லும் பொம்மையிலிருந்து கழற்றிய ஒரு சர்க்யூட் பலகை. டின்னிலிருந்து இரண்டு ஒயர்கள் நீண்டு பால் பாத்திரத்தின் விளிம்பில் தொங்கும். நுரை எழும்பி இரண்டையும் தொட்டால் டின் பேசும். உம்மாவின் குரலையே பதிந்திருந்தாள்: "பொங்கப் போகுது! பொங்கப் போகுது! எல்லாரும் ஓடி வாங்க!" வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான். ஆனாலும் பதிவு என்றதும் உம்மாவுக்கு 'எல்லாரும்' என்று வந்துவிட்டது. ஒயர்களைப் பற்றவைத்ததில் நிலோஃபருக்கு விரல் நுனியெல்லாம் சுட்ட தழும்பு. டின் முதல்முறை பேசியபோது அவள் அந்த விரல்களாலேயே கைதட்டிக்கொண்டாள்.

கண்காட்சி அன்று தாளாளர் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். ஆபத்சகாயம்தான் மேஜை மேஜையாகப் பார்த்து வந்தார். கூடவே உடற்பயிற்சி ஆசிரியர் வீரபாகுவும் தமிழாசிரியர் மாசிலாமணியும் வந்தார்கள்.

முதல் மேஜையில் தாளாளரின் தங்கை பேரன் குகப்பிரியன் எரிமலை செய்து வைத்திருந்தான். அது மண்ணெண்ணெயைக் கக்கி, மேஜை விரிப்பைக் கொளுத்தி, ஆபத்சகாயத்தின் சட்டைக்கையிலும் தீ வைத்தது.

"தத்ரூபம்! விஞ்ஞானின்னா இவன் விஞ்ஞானி!" என்றார் ஆபத்சகாயம், கையை அணைத்துக்கொண்டே.

அடுத்த மேஜை நிலோஃபருடையது.

"உன் பேர் என்ன?"

"நிலோஃபர், சார்."

"எந்தத் தெரு?"

"பள்ளிவாசல் தெரு, சார்."

ஆபத்சகாயம் ஓரடி பின்னால் நகர்ந்தார். "இந்த ஸ்பீக்கர் ஏது?"

"எங்க மாமா துபாயிலேர்ந்து கொண்டு வந்த ரேடியோவுல இருந்தது, சார்."

இன்னும் ஓரடி நகர்ந்தார். "துபாயா!"

"என் மச்சானும் துபாய்லதான் சார் இருக்கான்" என்றார் வீரபாகு.

"அது வேற துபாய்" என்றார் ஆபத்சகாயம்.

எப்படி வேலை செய்கிறது என்று காட்டினால் புரிந்துகொள்வார்கள் என்று நிலோஃபர் நினைத்தாள். ஒரு கரண்டியால் இரண்டு ஒயரையும் சேர்த்துத் தொட்டாள்.

"பொங்கப் போகுது! பொங்கப் போகுது! எல்லாரும் ஓடி வாங்க!" என்று டின் அலறியது.

மூன்று பேரும் ஒரே தூணுக்குப் பின்னால் ஒளிந்தார்கள்.

"பொங்கறதுன்னா என்ன புலவரே?" என்று கேட்டார் ஆபத்சகாயம்.

"கிளர்ந்தெழுதல்" என்றார் மாசிலாமணி. "பேட்டரி வைத்துக் கிளர்ந்தெழுந்தால் அதற்கு வெடித்தல் என்று பெயர்."

"ஆனா ஓடிப் போங்கன்னு சொல்லலையே, ஓடி வாங்கன்னுல்ல கூப்பிடுது?" என்றார் வீரபாகு.

"அதுதான் சூழ்ச்சி. கிட்ட வரவழைத்து வெடிக்கிற ரகம்."

"சார், அது பாலுக்குச் சார்!" என்றாள் நிலோஃபர். யாரும் காதில் வாங்கவில்லை.

ஆபத்சகாயம் தாளாளருக்குப் போன் போட்டார். பின்னணியில் நாதஸ்வரம் கேட்க, தாளாளர் கத்தினார்: "யாரும் அதுல கை வைக்கக் கூடாது! அது மேல ஒரு கண் வெச்சுக்குங்க. பிள்ளைகளைக் காதும் காதும் வெச்ச மாதிரி வெளியே அனுப்புங்க. போலீசுக்கு நான் சொல்றேன்."

ஒரு கண் வைக்கும் வேலை வீரபாகுவுக்கு வந்தது.

"எந்தக் கண் சார்?"

"வலது நல்ல காரியத்துக்கு. குண்டுக்கு இடதுதான்."

"'மேல' என்று சொல்லியிருக்கிறார்" என்று மாசிலாமணி நினைவூட்டினார். ஆகவே வீரபாகு பெஞ்சின் மேல் ஏறி, வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் டின்னைக் குனிந்து பார்த்தபடி நின்றார்.

அடுத்த உத்தரவில்தான் சிக்கல். "காதும் காதும்னா, யார் காதும் யார் காதும்?" என்று கேட்டார் ஆபத்சகாயம்.

மாசிலாமணி கண்ணை மூடி யோசித்தார். "காதும் காதும் என்பது எண்ணும்மை. ஆகவே இரண்டு காது. ஒரே ஆளின் இரண்டு காதையும் சேர்த்து வைக்க முடியாது, நடுவில் தலை இருக்கிறது. எனவே ஆள் இரண்டு."

பள்ளிக்கூடமே ஜோடி ஜோடியாகக் காதோடு காதை ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வெளியேறியது. ஆபத்சகாயத்துக்கு ஜோடியாக மிஞ்சியவன் ஆறாம் வகுப்பின் கடைசிக் குள்ளன். அவனுக்காக முழங்காலில் நடந்தே அவர் மைதானம் போய்ச் சேர்ந்தார்.

நிலோஃபரோடு காது சேர்க்க ஒருத்தியும் வரவில்லை. தினமும் அவளோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவள்கூட வேறு காதைத் தேடிப் போய்விட்டாள். அவள் டின் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

மைதானத்திலிருந்து ஆபத்சகாயம் மறுபடி போன் போட்டார். "சார், மத்த மேஜையெல்லாம் என்ன பண்றது?"

"கண்காட்சியாவது ஒண்ணாவது! எல்லாத்தையும் ஊத்தி மூடுங்கய்யா!"

ஊற்ற வேண்டும், பிறகு மூட வேண்டும். ஆனால் டின்னில் கை வைக்கக் கூடாது. "கால் வைக்கலாம்" என்று கண்டுபிடித்தார் வீரபாகு. பெஞ்சிலிருந்து இறங்கி, டின்னை உதைத்து உதைத்துக் குழாயடி வரைக்கும் கொண்டுபோனார். ஒவ்வொரு உதைக்கும் ஒயர்கள் ஒன்றோடொன்று உரச, உம்மா கத்தினாள்: "பொங்கப் போகுது! எல்லாரும் ஓடி வாங்க!"

"உதைக்காதீங்க சார்! எங்க உம்மா குரல் சார் அது!" நிலோஃபர் பின்னாலேயே ஓடினாள்.

வாளி வாளியாக ஊற்றினார்கள். "ஓடி வா..." என்று பாதியில் குரல் அமுங்கிப் போயிற்று. பிறகு சத்துணவு அண்டாவைக் கவிழ்த்து மூடினார்கள். உத்தரவில் 'எல்லாத்தையும்' என்று இருந்ததால் மற்ற மேஜைகளிலும் ஊற்றினார்கள். எரிமலை மேல் மட்டும் குடை பிடித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்து அண்டாவைத் தூக்கினார். டின்னில் ஒட்டியிருந்த தாளில் 'பால் பொங்குமுன் அழைக்கும் கருவி' என்று எழுதியிருந்தது.

"இதை யாரும் படிச்சுப் பாக்கலையா?"

"ஒரு கண்ணாலதான் சார் பார்த்தேன்" என்றார் வீரபாகு.

இன்ஸ்பெக்டர் டின்னை நிலோஃபர் கையில் கொடுத்துவிட்டு, "இது குண்டு இல்லைங்க" என்று சொல்லி ஜீப்பில் ஏறினார்.

ஆபத்சகாயத்துக்கு ரத்தம் கொதித்தது. "குண்டு இல்லையா! அப்ப இவ்வளவு நேரமும் நம்மளை ஏமாத்தியிருக்கா!" குண்டு கொண்டுவராத குற்றத்துக்காக நிலோஃபரை அங்கேயே நீக்கினார்கள். எரிமலைக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். விவரம் கேட்ட தாளாளர் போனில் கர்ஜித்தார்: "அந்தப் பொண்ணு மன்னிப்பு கேட்டாத்தான் உள்ளே விடணும். பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும், ஒருத்தர் விடாம கேட்கணும்!"

மறுநாள் காலை நிலோஃபரைக் கூட்டிக்கொண்டு உம்மா பள்ளிக்கூட கேட்டுக்கு வந்தாள். "எம் புள்ள என்னத்துக்கு மன்னிப்பு கேட்கணும்? செஞ்சதை உதைச்சு ஒடச்சது நீங்க!"

"பதறாதீங்கம்மா" என்றார் ஆபத்சகாயம். "புலவர் விளக்கம் சொல்லிட்டார்."

மாசிலாமணி முன்னால் வந்தார். "கேட்டல் என்பது செவியின் தொழில். பாட்டுக் கேட்கிறோம், செய்தி கேட்கிறோம். உங்கள் மகள் மன்னிப்பைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு யாராவது சொல்ல வேண்டும். எல்லாரும், ஒருத்தர் விடாமல்."

கேட்டுக்கு உள்பக்கம் ஒரு நாற்காலி போட்டு நிலோஃபரை உட்கார வைத்தார்கள். முதலில் ஆபத்சகாயம், பிறகு வாத்தியார்கள், பிறகு வகுப்பு வாரியாகப் பிள்ளைகள் வரிசையில் வந்து "மன்னிச்சிரும்மா", "மன்னிச்சிருடி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நேற்று வேறு காது தேடிப் போனவள் இரண்டு முறை சொன்னாள். நிலோஃபருக்கு முதலில் கூச்சமாக இருந்தது. போகப் போகக் காலை ஆட்டிக்கொண்டு கேட்டாள்.

அந்த நேரத்தில் தாளாளரின் கார் வந்து நின்றது. வீரபாகு கேட்டைத் திறக்கவில்லை.

"என்னய்யா கூத்து இது?"

"உங்க உத்தரவுதான் சார். நீங்க மட்டும்தான் பாக்கி."

"அவதான்யா கேட்கணும்!"

"அவதான் சார் கேட்கிறா. காலையிலேர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருக்கா."

தாளாளர் கத்தினார், குதித்தார், எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். கடைசியில் வெயில் உச்சிக்கு ஏற, "மன்னிச்சுக்கம்மா" என்று பல்லுக்குள் முணுமுணுத்தார்.

"ஒலி வந்தது, செவியில் விழவில்லை" என்றார் மாசிலாமணி.

"மன்னிச்சுக்கம்மா!"

"இப்பக் கேட்டுச்சு சார்" என்றாள் நிலோஃபர்.

தாளாளர் உள்ளே வந்தார். அவர் பின்னாலேயே நகர்ந்த காரை வீரபாகு மறித்தார். "இதுவும் பள்ளிக்கூடத்துக் கார்தானே?"

"அதுக்கு வாய் இல்லையேப்பா" என்றார் ஆபத்சகாயம்.

"ஹாரன் இருக்கே, சார்."

டிரைவர் ஒரு ஹாரன் அடித்தார். ஒன்று போதுமா என்று எல்லாரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள். "அஃறிணை, ஒருமை. ஒன்று போதும்" என்றார் அவர். நிலோஃபர் தலையாட்டினாள். கார் உள்ளே போயிற்று.

பள்ளிக்கூட வேன் ரிப்பேராகி மெக்கானிக் ஷெட்டில் கிடப்பது ஆபத்சகாயத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாத்தியார்கள் அத்தனை பேரும் அதைத் தள்ளிக்கொண்டு வரப் புறப்பட்டார்கள். அதற்கு ஹாரன் வேலை செய்யாது என்பதால், அதன் சார்பில் 'பாம் பாம்' என்று கத்துவதற்கு வீரபாகு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.