நாயுருவி சொன்ன சாட்சி

ஏரியைத் தூர்க்கலாமா என்று விசாரிக்கக் கலெக்டர் கரைக்கே வந்துவிட்டார். செடி நிபுணர் ஞானவரதன் நெஞ்சை நிமிர்த்தினார். "காலையிலிருந்து ஏரி, காடு எல்லாம் நடந்து பார்த்துட்டேன். கோரையைத் தவிர ஒண்ணுமில்லை."

"நிறைய இருக்குங்க," என்றாள் கோரை அறுக்கும் செம்பாயி.

"அப்படியா? நின்ன இடத்தைவிட்டு நகராம ஒண்ணு காட்டு பார்ப்போம்."

செம்பாயி சேலை ஓரத்தை விரித்தாள். நாயுருவி விதை அப்பிக் கிடந்தது. "காட்டுக்குப் போற வழியெல்லாம் இதுதானுங்க. மாடு போனாலும் ஒட்டும், மந்திரி போனாலும் ஒட்டும். ஐயா வேட்டியில ஒண்ணுகூடக் காணோமே."

கலெக்டர் ஞானவரதனின் வேட்டியைப் பார்த்தார். சலவை மடிப்புகூடக் கலையவில்லை. "இப்போ நடங்க. இந்தம்மா வழி காட்டுவாங்க."

சாயங்காலம் ஞானவரதன் இடுப்புவரை நாயுருவியோடு திரும்பினார். நோட்டில் நாற்பத்தேழு செடிகள், ஒவ்வொன்றும் நிற்கும் இடத்தோடு இருந்தன. ஏரியைத் தொடக்கூடாது என்று கலெக்டர் எழுதினார்.

"தென்கரை இன்னும் பாக்கி இருக்குங்க," என்றாள் செம்பாயி.